ஒரு சைஸ் பெரிய பேட்டரி

எங்கள் ஆட்களிடம் எந்தக் கோளாறுக்கும் ஒரே வைத்தியம்தான்: ஒரு சைஸ் பெரிசாக வாங்கு. மிக்ஸி சூடாகிறதா, பெரிய மிக்ஸி வாங்கு. தண்ணீர் போதவில்லையா, பெரிய டிரம் வாங்கு. அந்த டிரம்மில் ஊற்றத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று மட்டும் கேட்கக் கூடாது. தாராவியில் ஒற்றை அறைக்குள் ஆள் உயர பிரிட்ஜை வாங்கி வைத்துவிட்டு, அதன் கதவைத் திறக்கும்போதெல்லாம் கட்டிலை மடக்கிய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அது என் மாமனார் குடும்பம். அங்கே பிறந்து வளர்ந்தவர்தான் என் வீட்டுக்காரர். ஆகவே எங்கள் வேனின் பேட்டரி செத்துப்போன அன்று அவர் என்ன சொல்வார் என்பது அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தது.

வேனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பூங்காவில் நடப்பார்கள், பங்குச் சந்தையில் கையைச் சுட்டுக்கொள்வார்கள், மாட்டுங்காவில் கச்சேரிக்குப் போய் முன்வரிசையில் தூங்குவார்கள். இவர் போனும் கையுமாக உட்கார்ந்து, யாரோ ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வண்டிக்குள்ளேயே சமைத்துச் சாப்பிட்டு மலையடிவாரத்தில் தூங்கி எழுவதை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். காலமெல்லாம் ஹார்பர் லைன் ரயிலில் ஒற்றைக் காலில் தொங்கிப் போன மனிதருக்குச் சக்கரத்தின் மேல் படுக்கை என்றால் மயக்கம் வரத்தான் செய்யும். ஏதோ ஒரு கம்பெனியின் ஆட்களை ஏற்றி இறக்கியே ஓய்ந்துபோன டீசல் வேன் ஒன்றை வாங்கினார். குர்லாவில் ஒரு பட்டறையில் சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு, கட்டில், அடுப்பு, கை கழுவும் தொட்டி, மின்விசிறி, குழந்தையின் விளையாட்டுச் சாமான்போல் ஒரு பிரிட்ஜ் எல்லாம் வைத்தார்கள். பச்சை வண்ணம் அடித்தார்கள். அவர் அதை 'கேம்பர் வேன்' என்றார். திலக் நகரில் எங்கள் காலனிப் பிள்ளைகள் ஐஸ்கிரீம் வண்டி என்றார்கள்.

அந்த வண்டி ஒரே ஒரு தடவை அலிபாக் போய்வந்தது. பின்பக்கம் உட்கார்ந்து போன எனக்கு வழியெல்லாம் வாந்தி. கடற்கரையில் கொசு தாங்காமல் அவர் லாட்ஜில் அறை எடுத்தார். திரும்பி வந்ததும், இனி இந்த வண்டியில் முன் சீட்டைத் தவிர வேறெங்கும் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குத் தேவையே வரவில்லை. வண்டி காலனி மரத்தடியில் நின்று காக்கைகளின் எச்சத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது.

என் தங்கை வாஷியில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். ஒரே மகள், புனேயில் கட்டிக் கொடுத்திருக்கிறது. தங்கை குளியலறையில் வழுக்கி விழுந்து, முதுகெலும்பில் அறுவை சிகிச்சை செய்து, அதன் பிறகு ஒரு காபி குடித்து முடிக்கிற நேரத்துக்கு மேல் அவளால் உட்கார முடிவதில்லை. படுத்தே இருக்க வேண்டும். அப்படி இருக்கும்போது மகள் உண்டானாள். வளைகாப்பை வாஷியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தோம். ஆனால் மகளை எங்கும் பயணம் செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே வளைகாப்பு புனேக்கு மாறியது. எங்கள் வீடுகளில் முதலில் போடுவது வேப்பிலைக் காப்பு, அதைப் பெற்றவள் கையால் போட வேண்டும். சம்பந்தியம்மாள் ரொம்ப நல்லவள்போல, "அவங்களால வர முடியலேன்னா நானே போட்டுருதேன், நானும் அம்மாதானே" என்று போனில் சொல்லி அனுப்பினாள். அன்று முழுக்க என் தங்கை சாப்பிடவில்லை.

மாப்பிள்ளை ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். படித்த பையன், நல்ல எண்ணம்தான். தங்கை கேட்டாள்: "வளைகாப்பு வீட்டு வாசல்ல ஆம்புலன்ஸ்ல போயி எறங்குனா பாக்குறவ என்ன சொல்லுவாவ? எம்மவ வயித்துப்புள்ளைக்கு அதுவா மொத சகுனம்?" காரில் படுக்க முடியாது. ரயிலில் ஏற்றி இறக்க முடியாது. அப்போதுதான் என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம்ம வண்டி எதுக்கு இருக்கு?" என்றார். கட்டில் இருக்கிற வண்டி, ஆம்புலன்ஸ் இல்லாத வண்டி. அந்த ஐஸ்கிரீம் வண்டிக்கு அன்றுதான் ஒரு வேலை கிடைத்தது. அவர் நடையே மாறிவிட்டது.

தங்கை படுத்தபடியே போனில் தேடி, திருச்செந்தூர் முருகன் படம் ஒன்று வாங்கி எங்கள் வீட்டுக்கு அனுப்பினாள். கண்ணாடிச் சட்டம், சுற்றிலும் சிவப்பும் பச்சையுமாகக் குட்டி விளக்குகள், கீழே அகல் வடிவத்தில் ஒரு பல்பு. வண்டியின் முன்பக்கம் வைக்க வேண்டும் என்றாள். "நான் இதுல ஏறி எம்மவகிட்டப் போயிச் சேருத வரைக்கும் இந்த வெளக்கு அணையக் கூடாது அத்தான்." ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கால்களை வெளியே நீட்டி வண்டிக்குள் மல்லாந்து கிடந்து இவர் அதைப் பொருத்தினார். பத்தி கொளுத்தினோம். முருகன் திருவிழாக் கடைபோல மின்னினார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்துக்கு அவளிடமிருந்து போன் வரும். எனக்கு இல்லை, அவருக்கு. "வெளக்கு எரியுதா அத்தான்?" இவர் மாடியிலிருந்து இறங்கிப் போய், மழையானாலும் குடையைப் பிடித்துக்கொண்டு, வண்டியின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்து "எரியுதும்மா" என்பார். அவ்வளவுதான் பேச்சு. இதற்கு ஒரு போன், இதற்கு ஒரு குடை. அந்த நேரத்தில் நான் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைப்பேன்.

ஒருநாள் டீசல் போட்டு வருகிறேன் என்று கீழே போனவர் சாவியைத் திருப்பினார். 'டிக்' என்றது. இன்னொரு தடவை திருப்பினார். இன்னொரு 'டிக்'. அவ்வளவுதான். பேட்டரி பழசு, வண்டியோடு வந்தது. செத்துப்போனதில் ஆச்சரியமில்லை. ஆனால் ஒரு பேட்டரி செத்தால் எங்கள் காலனியில் எத்தனை டாக்டர்கள் பிறப்பார்கள் என்பதுதான் ஆச்சரியம். செம்பூர் ஸ்டேஷன் பக்கம் காலையில் இட்லி சாப்பிடக் கூடும் ஓய்வு பெற்றவர்கள் கூட்டம் ஒன்று உண்டு. ஸ்கூட்டரைத் தவிர எதையும் ஓட்டியிராத மனிதர்கள். அவர்கள் பேட்டரியைப் பற்றி சட்னி தீர்கிற வரை பேசினார்கள். வேனின் எடை கூடியிருக்கிறது, ஆகவே பெரிய பேட்டரி என்றார் ஒருவர். மழைக்காலத்தில் எஞ்சின் குளிர்ந்துபோகும், ஆகவே பெரிய பேட்டரி என்றார் இன்னொருவர். மும்பையில் என்ன குளிர் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. நான் செம்பூரில் வங்கிக் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ஆண்களின் முகத்தையே பார்த்துக் காலத்தைக் கழித்தவள். தனக்குத் தெரியாத ஒன்றை ஒரு ஆண் விளக்க ஆரம்பிக்கும்போது குரல் கொஞ்சம் தாழும், புருவம் கொஞ்சம் உயரும். அன்று இவர் வீட்டுக்கு வந்து எனக்கு விளக்கியபோது இரண்டும் நடந்தன.

"இதுல ரெண்டு பேட்டரி உண்டு கேட்டியா. பின்னாடி உள்ளது ஃபேனு, லைட்டு, பிரிட்ஜுக்கு. முன்னாடி உள்ளது எஞ்சினு ஸ்டார்ட் பண்ணுததுக்கு மட்டும். வண்டிய நிப்பாட்டுனதும் பின்பேட்டரிய மெயின் சுவிட்ச்சுல ஆஃப் பண்ணிருவேன். முன்பேட்டரியில ஒரு கொசுகூட வந்து ரத்தம் குடிக்க முடியாது. அப்படி வச்சிருக்கேன்."

"அப்போ ஏன் செத்துது?"

"வயசாயிட்டு. இப்பம் ஒரு சைஸ் பெரிசாப் போட்டா கவலையே இல்ல."

சரியென்று தாராவிக்குப் போனோம். திலக் நகரிலேயே பேட்டரிக் கடைகள் இருக்கின்றன, செம்பூரில் இன்னும் இருக்கின்றன. ஆனால் அவருடைய சித்தப்பா மகன் தொண்ணூறு அடி ரோட்டில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறார். சொந்தக்காரன் கடை இருக்கும்போது அடுத்தவன் கடையில் வாங்கினால் அது எங்களில் பெரிய குற்றம். பத்து வருடம் கழித்து ஏதாவது ஒரு கல்யாணப் பந்தியில், பாயசம் பரிமாறும் நேரத்தில், அது திரும்ப வரும். ஆகவே எங்கள் குடும்பத்தில் யாருக்கு எந்த வண்டி இருந்தாலும் பேட்டரி அங்கேதான். அது நல்லதா கெட்டதா என்ற கேள்வி எழுந்ததே இல்லை.

கொழுந்தனார் எங்களைக் கண்டதும் முதலில் குளிர்பானம் வரவழைத்தார். அதைக் குடித்துவிட்டால் அதற்குமேல் பேரமும் பேச முடியாது, கேள்வியும் கேட்க முடியாது. பிறகு மூன்று பேட்டரிகளை வரிசையாக மேசைமேல் ஏற்றினார். முதலாவது பழையதன் அளவே உள்ளது. நடுவில் ஒன்று, அதைவிட ஒரு சாண் நீளம். மூன்றாவது லாரிக்குப் போடுவது, அதைத் தூக்கி வைத்ததில் அவருக்கே மூச்சு வாங்கியது.

"அண்ணாச்சி, சின்னதப் பாக்கவே பாக்காதீங்க. அது கம்பெனிக்காரன் சும்மா கணக்குக்குப் போடுறது. உங்க காடி சும்மா வண்டியா? கட்டிலு, அடுப்பு எல்லாம் இருக்கு."

"கட்டில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதே தம்பி," என்றேன்.

"மதினிக்கு எப்பவும் தமாசு," என்று சொல்லிவிட்டு அவர் அண்ணாச்சியிடமே பேசினார். பெரிய பேட்டரியில் சக்தி அதிகம், ஒரே சுற்றில் எஞ்சின் கிளம்பும், மறந்துபோய் நாள்கணக்கில் நிறுத்தி வைத்தாலும் தாங்கும். ஆம்பியர் என்ற வார்த்தையை வாய்க்கு வாய் சொன்னார். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு ஆம்பியருக்கும் தலையாட்டினார். பழையது ஏன் தீர்ந்தது என்று சோதித்துப் பார்க்க வேண்டாமா என்று நான் மறுபடியும் கேட்டேன். வயசான பேட்டரிக்குப் போஸ்ட்மார்ட்டம் எதற்கு மதினி என்று சிரித்தார். நடுவில் இருந்ததை வாங்கினோம். லாரிப் பேட்டரியை இவர் கடையை விட்டு இறங்குகிற வரை ஏக்கத்தோடு திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

மாட்டிக் கொடுக்கக் கொழுந்தனாரும் எங்களோடு வந்தார். பேட்டரி வண்டியில் உட்காரவில்லை. பேட்டரி வைக்கிற தட்டு பழைய அளவுக்குச் செய்தது, இது ஒரு பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பேட்டரியை அழுத்திப் பிடிக்கும் இரும்புப் பட்டை எட்டவில்லை. துணி காயப்போடும் நைலான் கயிற்றால் கட்டினார்கள். பிளஸ் முனை மறுபக்கம் இருந்ததால் ஒயரும் எட்டவில்லை, அதற்கு ஒரு ஒட்டு. கடைசியில் பேட்டரிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றி, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். கயிற்றால் கட்டி, பூச்சூட்டி, பொட்டு வைத்த அந்தப் பேட்டரியைப் பார்க்கிறபோது, கட்டாயக் கல்யாணத்துக்கு உட்கார்ந்த பெண்ணின் ஞாபகம்தான் எனக்கு வந்தது. ஆனால் எஞ்சின் ஒரே சுற்றில் கிளம்பியது. கொழுந்தனார் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

இதில் இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். பழைய பேட்டரி செத்துப் புதியது வருகிற வரைக்கும் நடுவில் சில நாள் முருகன் இருட்டில்தான் இருந்தார். அந்த நாட்களிலும் சாயங்காலம் போன் வந்தது. இவர் அப்போதும் குடையோடு கீழே இறங்கிப் போய், இருண்டு கிடக்கிற படத்தைப் பார்த்துவிட்டு மேலே வந்து, "எரியுதும்மா, எரியுது, நல்லா எரியுது" என்றார். பொய்தான் சொல்லப் போகிறோம், அதை மாடியிலேயே உட்கார்ந்து சொல்லலாமே என்று கேட்டேன். குடையை உதறி மூலையில் வைத்தார்.

வளைகாப்புக்கு முந்தின நாள் காலையில் தங்கைக்காக ஒரு நல்ல மெத்தையைத் தூக்கிக்கொண்டு கீழே போனோம். மெத்தையை விரித்தாகிவிட்டது. சும்மா ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்ப்போம் என்று சாவியைத் திருப்பினார்.

'டிக்.'

அவர் முகத்தை நான் அதற்குமுன் அப்படிப் பார்த்ததில்லை. மறுபடி திருப்பினார். ஹாரனை அழுத்தினார், தொண்டை கட்டினவன் இருமுவதுபோல ஒரு சத்தம் வந்தது. மறுநாள் விடிந்ததும் வாஷிக்குப் போய்த் தங்கையை ஏற்ற வேண்டும். போக முடியாவிட்டால் புனேயில் சம்பந்தியம்மாள் காப்போடு தயாராக இருக்கிறாள். எனக்கு வந்த பயம் வாயில் வரும்போது கோபமாகத்தான் வந்தது. பூ வைத்தீர்களே, பொட்டு வைத்தீர்களே, எங்கே உங்கள் பெரிய பேட்டரி என்று காலனி முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டேன். அவர் தம்பிக்குப் போன் செய்தார்.

கொழுந்தனார் கடையை அப்படியே போட்டுவிட்டு டெம்போ பிடித்து ஓடி வந்தார். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கூடவே எதைக் கொண்டு வந்தார் என்று நினைக்கிறீர்கள்? அந்த லாரிப் பேட்டரியை.

"அன்னைக்கே சொன்னம்லா அண்ணாச்சி, பெரிசாப் போடுவோம்னு. இது பக்கா. டென்ஷனே இல்ல."

"அது எங்க தம்பி உக்காரும்?" என்று இவர் கேட்டார்.

"தட்ட வெட்டி எடுத்துருவோம். வைப்பருக்குத் தண்ணி ஊத்துற டாங்கியக் கழத்திருவோம். வெல்டிங்காரனுக்குச் சொல்லிட்டேன்."

இரண்டு பேரும் டேப்பை வைத்து அளக்க ஆரம்பித்தார்கள். எதைக் கழற்றலாம், எதை வெட்டலாம் என்று யோசனை போய்க்கொண்டிருந்தது. ஏற்கெனவே இருக்கிற பேட்டரி கெட்டதா என்று கேட்டேன். கொழுந்தனார் கையிலிருந்த மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "பேட்டரில குத்தமில்ல மதினி, புதுசு. காலியாத்தான் கெடக்கு," என்றார். கெடாத பேட்டரி எப்படிக் காலியானது என்பது அவருக்குக் கேள்வியாகவே படவில்லை. காலியானால் பெரிசு. அவ்வளவுதான்.

அலுத்துப்போய் நான் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். எதிரே முருகன். சுற்றியுள்ள விளக்குகள் செத்தும் சாகாமல் மினுக்கிக்கொண்டிருந்தன. அகல் பல்பு மங்கலாக, சாம்பல் பூத்த நெருப்புபோலத் தெரிந்தது. பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எஞ்சின் எழும்பல, ஹாரன் அடிக்கல. இது மட்டும் எப்படி எரியுது?" என்று கேட்டேன்.

"அதுக்குச் சாவியே வேண்டாம்," என்றார் இவர், தட்டை அளந்துகொண்டே. அந்த நேரத்திலும் குரலில் ஒரு பெருமை. "பின்பேட்டரியில குடுத்தா மெயின ஆஃப் பண்ணும்போது சாமி வெளக்கு அணைஞ்சிரும்லா. அதான் முன்பேட்டரியில இருந்து நேரா ஒரு ஒயர் இழுத்து..."

அங்கேயே நின்றுவிட்டார். கொழுந்தனார் டேப்பை மெதுவாகச் சுருட்டினார். டெம்போக்காரர் வண்டியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். கொசு வரக் கூடாது என்று எல்லாக் கதவையும் அடைத்த மனிதர், ராத்திரி பகலாக ஒரு திருவிழாவையே அந்தப் பேட்டரியில் கட்டிவிட்டிருக்கிறார். பழையது சில நாளில் தீர்ந்தது. பெரியது பெரிதாக இருந்ததால் கூடக் கொஞ்ச நாள் கழித்துத் தீர்ந்தது. லாரிப் பேட்டரி போட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் கழித்துத் தீர்ந்திருக்கும். படித்த மனிதர், அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்தவர். பேட்டரி விற்றே வீடு கட்டிய தம்பி. செம்பூர் ஸ்டேஷனில் ஒரு டாக்டர் குழு. ஒருவருக்கும் அந்தப் படம் கண்ணில் படவில்லை. சாமி படத்தைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்களே தவிர அதில் ஒயர் இருக்கிறது என்று நினைக்க மாட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் அடுத்த பிரச்சினை எனக்குப் புரிந்துவிட்டது.

கொழுந்தனார் அந்தப் புதுப் பேட்டரியையே கடைக்கு எடுத்துப் போய் ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏற்றி, விடியுமுன் கொண்டுவந்து மாட்டினார். முருகன் படத்தின் ஒயரைப் பிடுங்கிச் சாவியோடு இணைத்தார். இனி எஞ்சின் ஓடினால்தான் விளக்கு எரியும். வண்டி ஒரே சுற்றில் கிளம்பியது. லாரிப் பேட்டரி டெம்போவில் சோகமாகத் திரும்பிப் போனது. எல்லாம் சரி. ஆனால் தங்கை விளக்கு அணையக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். சகுனத்துக்காக ஆம்புலன்ஸையே வேண்டாம் என்றவள். வண்டியில் ஏறுகிற நேரத்தில் முருகன் இருண்டு கிடந்தால் வர மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

"அங்கன எஞ்சின ஆஃப் பண்ண மாட்டேன்," என்றார் இவர். "ஓடிக்கிட்டே இருக்கட்டும். அவளுக்குத் தெரிய வேண்டாம்."

வாஷியில் அவள் கட்டடத்தின் கீழே வண்டியை நிறுத்தினோம். விளக்குகள் பிரமாதமாக மின்னின. வாட்ச்மேனும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து தங்கையைப் பலகையில் படுக்க வைத்துத் தூக்கி வந்தார்கள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கையில் வேப்பிலைக் காப்பு உள்ள சம்புடம். பின்கதவு வழியாக ஏற்ற வேண்டும். டீசல் புகை நேராக அவள் முகத்தில் அடித்தது. அவள் இருமினாள், இருமினால் முதுகில் கத்தி இறங்குவதுபோல வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் கண்ணில் தண்ணீர் முட்டியதைப் பார்த்ததும், "வண்டிய ஆஃப் பண்ணித் தொலைங்க," என்று நானே கத்திவிட்டேன்.

ஆஃப் செய்தார். அவளைக் கட்டிலில் சரியாகப் படுக்க வைத்து, தலையணையைச் சரிசெய்தார்கள். கட்டிலில் படுத்தால் நேராக முன்பக்கம் தெரியும். முருகன் இருட்டாக இருந்தார்.

"அணைஞ்சிட்டு," என்றாள்.

இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். மழுப்ப எனக்குத் தெரியாது. "உன் முருகன்தான் ரெண்டு பேட்டரியக் குடிச்சாரு," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒயர், சாவி, லாரிப் பேட்டரி, எல்லாம். சொல்லி முடித்துவிட்டு, இறங்கிவிடுவேன் என்று அவள் சொல்வதற்காகக் காத்திருந்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தாள்.

"இது முந்தியே அணைஞ்சுச்சில்லாக்கா. மழை நேரத்துல."

"உனக்கு யாரு சொன்னா?"

"அத்தானுக்குப் பொய் சொல்ல வருமாக்கும்? தெனம் எரியுதும்மாம்பாவ. அந்த நாலு நாளும் எரியுது, எரியுது, நல்லா எரியுதுன்னாவ."

"தெரிஞ்சும் பின்னே ஏன் தெனம் கேட்ட?"

"கேக்காட்டா நீங்க மறந்துருவீங்கல்லாக்கா."

கோபமாகச் சொல்லவில்லை. குழம்பில் உப்பு குறைகிறது என்பதுபோலச் சொன்னாள். படுத்தே கிடக்கிறவளை நாங்கள் மறந்துபோவோம் என்று அவள் எப்போதோ கணக்குப் போட்டு முடித்திருக்கிறாள். அதற்காக ஒரு விளக்கை வாங்கி அனுப்பி, தினமும் ஒரு மனிதரை மாடியிலிருந்து இறங்க வைத்திருக்கிறாள். கொழுந்தனாருக்கும் டாக்டர் குழுவுக்கும் என்னிடம் எப்போதும் பதில் உண்டு. இதைக் கேட்டதும், டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்ததுதான் ஞாபகம் வந்தது.

"சாவியப் போடட்டா?" என்றார் இவர், யாரையும் பார்க்காமல்.

போட்டார். எஞ்சின் கிளம்பியது, முருகன் மின்னினார். நான் முன் சீட்டுக்குப் போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். லோனாவ்லா பக்கம் வண்டி மலையேறும்போது எனக்குக் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி வந்தது. தங்கை படுத்தபடியே ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள். அது போதவில்லை. "ஒரு சைஸ் பெரிசாக் கொண்டு வந்திருக்கலாம்லா," என்றாள். அவளும் அந்த ஆட்களில் ஒருத்திதான்.

புனேயில் தங்கையை மாடிக்குத் தூக்கிப் போய் ஒரு கட்டிலில் படுக்க வைத்து, மகளை ஒரு முக்காலியில் அதை ஒட்டி உட்கார வைத்தார்கள். தங்கை ஒருக்களித்துப் படுத்து, கையை நீட்டி, வேப்பிலைக் காப்பை அவள் மணிக்கட்டில் கட்டினாள். சம்பந்தியம்மாள் அதற்கப்புறம்தான் கண்ணாடி வளையலைக் கையில் எடுத்தாள். அப்படித்தான் எடுக்க வேண்டும்.

சாயங்காலம் எல்லோரும் பலவகைச் சோறு சாப்பிட்டுவிட்டு அங்கங்கே சாய்ந்து கிடந்தோம். விளக்கேற்றும் நேரத்துக்கு என் வீட்டுக்காரர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனார். யாரும் அவரைக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து தங்கையின் கட்டில் பக்கத்தில் நின்றார்.

"எரியலம்மா," என்றார்.

"சரி அத்தான்," என்றாள் தங்கை.